ஏசிஆர்122யு ரீடர் லினக்ஸில்: ஒரு பெட்டி, உரிமை கோர ஐந்து பேர்

லினக்ஸில் என்எஃப்சி கார்டு படிக்க வேண்டும் என்று யாரிடம் கேட்டாலும், முதலில் வரும் பெயர் ஏசிஎஸ் நிறுவனத்தின் ஏசிஆர்122யு. வாங்கிச் செருகியவர்களில் பாதிப்பேர் முதல் நாளே முட்டிக்கொள்ளும் இடமும் ஒன்றுதான்: யுஎஸ்பி பட்டியலில் 072எஃப்:2200 என்று ரீடர் ஒழுங்காகத் தெரிகிறது, ஆனால் ரீடர்களைத் தேடிக் காட்டும் பிசிஎஸ்சி_ஸ்கேன் ஓட்டினால் ரீடருக்காகக் காத்துக்கொண்டே நிற்கிறது. உடனே "டிரைவர் இல்லை போலிருக்கிறது" என்று இணையத்தில் கிடைத்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுவுவார்கள். சிக்கல் இன்னும் இறுகும். இந்த ரீடருக்கு லினக்ஸில் டிரைவர் பஞ்சமே கிடையாது. அளவுக்கு மிஞ்சி இருக்கிறது என்பதுதான் வியாதி.

கமாண்டுகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள். இன்ஃபோ.பிலிஸ்ட் என்பதில் முதல் எழுத்தும், ஐஎஃப்டிடிரைவர்ஆப்ஷன்ஸ் என்பதில் டிரைவர், ஆப்ஷன்ஸ் இரண்டின் முதல் எழுத்தும் மட்டும் பேரெழுத்து.

முதலில் பெட்டியைப் பற்றி. 98க்கு 65 மில்லிமீட்டர், தடிமன் 12.8, எடை 70 கிராம். உள்ளே இருப்பது என்எக்ஸ்பியின் பிஎன்532 சிப். 13.56 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஐஎஸ்ஓ 14443 ஏ, பி இரண்டு வகைக் கார்டுகளையும், மைஃபேர், ஃபெலிக்கா கார்டுகளையும் படிக்கும். படிக்கும் தூரம் 5 சென்டிமீட்டர் வரை என்பது கணக்கு. முழு அளவு கார்டுக்கு அதில் ஒரு பகுதி கிடைக்கும், காசு அளவு ஸ்டிக்கர் டேக் என்றால் பெட்டியின் மேலேயே ஒட்டினாற்போல் வைக்க வேண்டும். கார்டோடு பேசும் ஏபிடியு கட்டளைகளில் நீளமான, விரிவாக்கப்பட்ட வகை இதில் போகாது. மின்கடவுச்சீட்டு போன்றவற்றைப் படிக்கிறவர்கள் கோப்பைச் சின்னச் சின்னத் துண்டாகக் கேட்டு வாங்க வேண்டும். மற்றபடி வன்பொருளில் குறை சொல்ல அதிகம் இல்லை, கார்டு வைத்ததும் அலறும் அந்த பீப் சத்தம் தவிர. அதற்குப் பின்னால் வருவோம்.

ஒரு யுஎஸ்பி இன்டர்ஃபேஸை ஒரு நேரத்தில் ஒருவர்தான் பிடித்து வைத்திருக்க முடியும். இந்த ரீடரைப் பிடிக்க வரிசையில் நிற்பவர்கள் இவர்கள்: கர்னலின் சொந்த பிஎன்533_யுஎஸ்பி மாட்யூல், ஸ்மார்ட் கார்டு ரீடர்களைக் கவனிக்கும் பிசிஎஸ்சிடி என்ற பின்னணிச் சேவை வழியாக வரும் பொது டிரைவர் லிப்சிசிஐடி, அதே சேவை வழியாகவே வரும், ஏசிஎஸ் நிறுவனத்தின் லிப்ஏசிஎஸ்சிசிஐடி, பிசிஎஸ்சிடியை ஒதுக்கிவிட்டு நேராகப் பேசும் லிப்என்எஃப்சி. மறையாக்கக் கருவியான ஜிபிஜி பயன்படுத்துகிறவர் என்றால், அதன் கார்டு பகுதியான எஸ்சிடீமன் என்ற ஐந்தாமவரும் உண்டு. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரியாமல் எதையும் நிறுவவோ நீக்கவோ வேண்டாம்.

அதைத் தெரிந்துகொள்ள ஒரே வரி போதும்: எல்எஸ்யுஎஸ்பி -டி (ட்ரீ என்பதன் முதல் எழுத்து). மர வடிவில் வரும் பட்டியலில் ஒவ்வொரு கருவிக்கும் எதிரே டிரைவர் பெயர் இருக்கும். அங்கே பிஎன்533_யுஎஸ்பி என்று இருந்தால் கர்னல் பிடித்திருக்கிறது. யுஎஸ்பிஎஃப்எஸ் என்று இருந்தால் ஏதோ ஒரு பயனர் நிரல் பிடித்திருக்கிறது. பெயரே இல்லையென்றால் யாரும் பிடிக்கவில்லை. யுஎஸ்பிஎஃப்எஸ் என்று வந்தால், எந்த நிரல் என்பதை எல்எஸ்ஓஎஃப் சொல்லும். எல்எஸ்யுஎஸ்பி காட்டும் பஸ் எண்ணையும் கருவி எண்ணையும் எடுத்து, /டெவ்/பஸ்/யுஎஸ்பி/001/007 என்கிற மாதிரி பாதையை சுடோவுடன் அதற்குக் கொடுங்கள்.

பத்துக்கு எட்டுத் தடவை குற்றவாளி கர்னல்தான். பிஎன்532, பிஎன்533 சிப்புகளுக்கான என்எஃப்சி டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது. அதன் ஆதரவுப் பட்டியலில் இந்த ரீடரின் அடையாள எண்ணும் உண்டு. செருகியவுடன், கருவிகளைக் கவனிக்கும் யுடெவ் அந்த மாட்யூலை ஏற்றிவிடும். பிறகு பிசிஎஸ்சிடி வந்து கதவைத் தட்டினால் கிடைப்பது "கான்ட் கிளெய்ம் இன்டர்ஃபேஸ்" என்ற வரியும் அதன் வாலில் லிப்யுஎஸ்பி_எரர்_பிஸி என்ற பதிலும். ஜர்னல்சிடிஎல் -யு பிசிஎஸ்சிடி என்று பார்த்தால் இந்த வரி அப்படியே கிடக்கும்.

அந்த நிமிடத்துக்கு விடுவிக்க: சுடோ மாட்புரோப் -ஆர் பிஎன்533_யுஎஸ்பி. பிறகு பிசிஎஸ்சிடியை மறுதுவக்கம் செய்தால் ரீடர் தெரிந்துவிடும். ஆனால் கழற்றிச் செருகினால் பழைய கதைதான். நிரந்தரமாகத் தடுக்க /இடிசி/மாட்புரோப்.டி அடைவில் .கான்ஃப் என்று முடியும் ஒரு கோப்பை உருவாக்கி, அதில் பிளாக்லிஸ்ட் பிஎன்533_யுஎஸ்பி என்று ஒரு வரி எழுத வேண்டும்.

இந்த இடத்தில் இணையம் முழுக்கச் சுற்றும் ஒரு அரைகுறை அறிவுரையைச் சொல்லியாக வேண்டும். "பிளாக்லிஸ்ட் என்எஃப்சி என்று போடு, சரியாகிவிடும்" என்பார்கள். அது மட்டும் போட்டால் ஒன்றும் ஆகாது. பிளாக்லிஸ்ட் என்ற சொல் செய்வது ஒரே வேலை: கருவியின் அடையாளத்தைப் பார்த்துத் தானாக மாட்யூல் ஏறுவதைத் தடுப்பது. வேறொரு மாட்யூலுக்குத் துணையாக ஏறுவதை அது தடுக்காது. என்எஃப்சி என்பது பிஎன்533க்குத் துணை மாட்யூல். ரீடரின் அடையாள எண்ணைத் தன்னிடம் வைத்திருப்பது பிஎன்533_யுஎஸ்பி. அது தானாக ஏறும்போது என்எஃப்சியையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிடும், தடைப்பட்டியலில் இருந்தாலும். ஆக, தடுக்க வேண்டியது அடையாளம் வைத்திருப்பவரை. பழைய கர்னல்களில் ஐ2சி, யுஎஸ்பி என்று பிரியாமல் பிஎன்533 என்ற ஒரே மாட்யூலாக இருந்தது. அத்தகைய கணினிகளில் அந்தப் பெயரைத் தடுக்க வேண்டும். மூன்று பெயரையும் எழுதுவதால் நஷ்டம் இல்லை, ஏன் என்று தெரிந்து எழுதினால் சரி. தடைப்பட்டியல் போட்ட பிறகும் ஏதோ ஒரு நிரல் வேண்டுமென்றே ஏற்றுகிறது என்றால், அதே கோப்பில் இன்ஸ்டால் பிஎன்533_யுஎஸ்பி /பின்/ஃபால்ஸ் என்று எழுதுங்கள். அது உடும்புப்பிடி, சாதாரண வழியில் யாரும் மீற முடியாது.

எஸ்சிஎம் நிறுவனத்தின் எஸ்சிஎல்3711 என்ற குட்டி ரீடரிலும் இதே பிஎன்533 குடும்பச் சிப்தான், இதே மோதல்தான், இதே மருந்துதான்.

கர்னல் விலகியதும் அடுத்த மோதல் பிசிஎஸ்சிடிக்குள்ளேயே. டெபியனிலும் உபுண்டுவிலும் பிசிஎஸ்சிடியை நிறுவும்போது லிப்சிசிஐடியும் சேர்ந்தே வரும். இரண்டையும் பராமரிப்பவர் லுடோவிக் ரூசோ. பெரும்பாலான ரீடர்களுக்கு இதுவே போதும். இதற்குமேல் லிப்ஏசிஎஸ்சிசிஐடி1 என்ற பொட்டலத்தையும் பலர் நிறுவிவிடுவார்கள், நிறுவனமே தந்த டிரைவர் ஆயிற்றே என்று. இரண்டு டிரைவரும் /யுஎஸ்ஆர்/லிப்/பிசிஎஸ்சி/டிரைவர்ஸ் அடைவில் தனித்தனி .பண்டில் மூட்டையாக உட்காரும். இரண்டின் இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பிலும் 072எஃப்:2200 இருக்கும். பிசிஎஸ்சிடி பொது டிரைவரைக் கையிருப்பில் வைத்துக்கொண்டு, தனி டிரைவர் உண்டா என்றுதான் முதலில் தேடும். ஆகவே பெரும்பாலும் ஏசிஎஸ் டிரைவர் முந்திக்கொள்ளும். இதில் ரீடர் பூட்டிக்கொள்வதில்லை. வேறு மாதிரித் தொல்லை வரும்: நீங்கள் /இடிசி/லிப்சிசிஐடி_இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில் ஒரு அமைப்பை மாற்றுவீர்கள், எதுவும் மாறாது. மாறாததற்குக் காரணம், அந்தக் கோப்பைப் படிக்கும் டிரைவர் களத்திலேயே இல்லை.

யார் ஓட்டுகிறார் என்று உறுதிசெய்ய, சேவையை நிறுத்திவிட்டு முன்னணியில் ஓட்ட வேண்டும். முதலில் சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் பிசிஎஸ்சிடி.சாக்கெட் பிசிஎஸ்சிடி.சர்வீஸ், பிறகு சுடோ பிசிஎஸ்சிடி -எஃப் -டி (இந்த டி, டீபக் என்பதன் முதல் எழுத்து). ரீடரைச் செருகியதும் "அட்டெம்ப்டிங் ஸ்டார்ட்அப் ஆஃப்" என்று தொடங்கும் வரி வரும். அதன் கடைசியில் எந்த மூட்டையிலிருந்து எந்த .எஸ்ஓ கோப்பு என்று முழுப் பாதையும் இருக்கும். ஐஎஃப்டி-சிசிஐடி.பண்டில் என்றால் பொது டிரைவர், ஐஎஃப்டி-ஏசிஎஸ்சிசிஐடி.பண்டில் என்றால் நிறுவன டிரைவர். அனுப்பும் பெறும் பைட்டுகளும் தெரிய வேண்டுமென்றால் -ஏ என்பதையும் சேருங்கள்.

எங்கள் பரிந்துரை: ஏசிஆர்122யு மட்டும் வைத்திருந்தால் லிப்சிசிஐடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏசிஆர்38 போல, யுஎஸ்பி கார்டு ரீடர்களுக்கான பொதுத் தரமான சிசிஐடிக்கு முந்திய பழைய ஏசிஎஸ் ரீடரும் மேசையில் இருந்தால் மட்டும் மற்றது தேவைப்படும். இரண்டும் இருந்தாக வேண்டும் என்றால் இருக்கட்டும், அமைப்பை மாற்றும்போது எந்தக் கோப்பு என்பதில் கவனம் வேண்டும், அவ்வளவே.

இதைவிட மோசம், மூலத்திலிருந்து தொகுத்து நிறுவிய பழைய பிசிஎஸ்சிடி ஒன்று /யுஎஸ்ஆர்/லோக்கல் கீழே மறந்துபோய்க் கிடப்பது. விச் -ஏ பிசிஎஸ்சிடி என்றால் இரண்டு பாதை காட்டும். பிசிஎஸ்சிடி -வி என்று கேட்டால் யுஎஸ்பிடிராப்டிர் என்று, தான் டிரைவர் தேடும் அடைவையும் சொல்லும். லோக்கல் அடைவைக் காட்டினால் அந்தப் பதிப்பை அப்புறப்படுத்திவிட்டு மறுபடி பாருங்கள். ஃபெடோராவில் இந்த அடைவு /யுஎஸ்ஆர்/லிப்64 கீழே இருக்கும், பொட்டலத்தின் பெயரும் பிசிஎஸ்சி-லைட்-சிசிஐடி.

இனி லிப்என்எஃப்சி. மைஃபேர் கார்டுகளோடு நெருங்கி விளையாடுகிறவர்களுக்கு இது வேண்டும், ஏனென்றால் பிஎன்532 சிப்போடு நேரடியாகப் பேசும். இதற்கும் பிசிஎஸ்சிடிக்கும் ஒரே உறையில் இரண்டு கத்தி கதை. என்எஃப்சி-லிஸ்ட் ஓட்டும்போது "அன்ஏபிள் டு கிளெய்ம் யுஎஸ்பி இன்டர்ஃபேஸ்" என்று வந்தால், அடைப்புக்குறிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். "டிவைஸ் ஆர் ரிசோர்ஸ் பிஸி" என்றால் வேறொருவர் பிடித்திருக்கிறார். "ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்" என்றால் அது மோதலே அல்ல, அனுமதிப் பிரச்சினை. லிப்என்எஃப்சி மூலத்தோடு வரும் 93-பிஎன்53எக்ஸ்.ரூல்ஸ் கோப்பை யுடெவ் விதிகளில் வைத்து, ரீடரைக் கழற்றிச் செருகினால் சரி. இரண்டையும் குழப்பிக்கொண்டு சுடோ போட்டு ஓட்டுவது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. பிஸி என்பது சுடோவுக்கு மசியாது.

பிடித்திருப்பவர் பிசிஎஸ்சிடி என்றால் சேவையை மட்டும் நிறுத்தினால் போதாது. அது சாக்கெட் வழியாக எழும் சேவை. சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் பிசிஎஸ்சிடி என்று நிறுத்தினால், சாக்கெட் இன்னும் எழுப்பக்கூடும் என்று அதுவே எச்சரிக்கும். பின்னணியில் ஏதாவது ஒரு உலாவியோ, ஓபன்எஸ்சி என்ற ஸ்மார்ட் கார்டு மென்பொருளோ கூப்பிட்டால் மறு விநாடி எழுந்து ரீடரைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் மேலே சாக்கெட்டையும் சேர்த்து நிறுத்தச் சொன்னது. வேலை முடிந்ததும் சாக்கெட்டை மட்டும் ஸ்டார்ட் செய்தால் போதும், சேவை தேவைப்படும்போது தானே எழும். இந்தக் கணினியில் பிசிஎஸ்சிடி எப்போதுமே வேண்டாம் என்றால் இரண்டையும் சிஸ்டம்சிடிஎல் மாஸ்க் என்று எழவே விடாமல் பூட்டிவிடலாம்.

லிப்என்எஃப்சியில் ஏசிஆர்122_பிசிஎஸ்சி என்று பிசிஎஸ்சிடி வழியாகவே போகும் டிரைவரும் இருக்கிறது. இரண்டும் சமாதானமாக இருக்கலாமே என்று தோன்றும். ஆனால் தொகுக்கும்போது தனியாகக் கேட்டால்தான் அது சேரும், நேரடி வழியின் சுதந்திரமும் அதில் இருக்காது. அதற்காக மெனக்கெட வேண்டாம். இன்னொன்று: லிப்என்எஃப்சி.கான்ஃப் கோப்பில் ஏசிஆர்122_யுஎஸ்பி:001:007 என்று பஸ் எண்ணையும் கருவி எண்ணையும் எழுதி வைக்காதீர்கள். கழற்றிச் செருகும்போதெல்லாம் கருவி எண் மாறும்.

ஜிபிஜி வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. யுபிகீ போன்ற டோக்கனில் ஓபன்பிஜிபி சாவி இருந்தால் ஜிபிஜி அதை எஸ்சிடீமன் மூலம் படிக்கும். எஸ்சிடீமனுக்குள்ளேயே ஒரு சிசிஐடி டிரைவர் உண்டு. பிசிஎஸ்சிடி ஏற்கெனவே டோக்கனைப் பிடித்திருந்தால் ஜிபிஜி "நோ சச் டிவைஸ்" என்று கைவிரிக்கும். எஸ்சிடீமன் முந்தினால் பிசிஎஸ்சிடி பார்வையில் டோக்கன் இருக்காது. முன்பு, தன் டிரைவர் தோற்றால் பிசிஎஸ்சிடியிடம் போகும் வழக்கம் எஸ்சிடீமனுக்கு இருந்தது. 2.3 பதிப்பிலிருந்து தானாகப் போவதில்லை, நாம் சொல்ல வேண்டும். வீட்டு அடைவின் .ஜிஎன்யுபிஜி கீழே எஸ்சிடீமன்.கான்ஃப் என்ற கோப்பில் டிசேபிள்-சிசிஐடி என்று ஒரு வரி எழுதி, ஜிபிஜிகான்ஃப் --கில் எஸ்சிடீமன் என்று ஓட்டுங்கள். இதற்குப் பிறகு எல்லோரும் பிசிஎஸ்சிடி என்ற ஒரே வாசல் வழியாக வருவார்கள். அப்போதும் எஸ்சிடீமன் கார்டைத் தனியுரிமையோடு திறக்கும், மற்ற நிரல்களுக்கு "ஷேரிங் வயலேஷன்" கிடைக்கும். பிசிஎஸ்சி-ஷேர்டு என்ற இன்னொரு வரி அதைத் தளர்த்தும். வசதிதான், ஆனால் ஜிபிஜி வேலை செய்யும் நடுவில் வேறொரு நிரல் கார்டில் கைவைத்தால் பின் எண்ணை மறுபடி கேட்பது போன்ற குளறுபடிகள் வரும். தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

பிழை எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம், நான்கைத் தெரிந்துவைத்தால் பாதி நேரம் மிச்சம். எல்லாம் 0எக்ஸ்801000 என்று தொடங்கும், கடைசி இரண்டு இலக்கம்தான் வேறு. 1டி என்றால் பிசிஎஸ்சிடியே ஓடவில்லை. 2இ என்றால் ஓடுகிறது, அதன் கண்ணுக்கு ரீடர் எதுவும் தெரியவில்லை. கர்னல் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். 0பி என்றால் ரீடர் தெரிகிறது, கார்டை இன்னொரு நிரல் தனியுரிமையில் வைத்திருக்கிறது. 6ஏ என்றால் அனுமதி மறுப்பு.

இந்தக் கடைசி எண் பெரும்பாலும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே வந்தவர்களுக்கும், பின்னணிச் சேவையாக ஓடும் நிரல்களுக்கும் வரும். டிரைவர் மோதல் என்று நினைத்து மாட்யூல்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். காரணம், யாருக்கு என்ன அனுமதி என்று தீர்மானிக்கும் போல்கிட். கணினி முன் நேராக உட்கார்ந்திருப்பவருக்கு மட்டுமே அது அனுமதி தரும். பதிவில் "நாட் ஆத்தரைஸ்டு" என்றும் ஆக்சஸ்_பிசிஎஸ்சி என்றும் வரும். /இடிசி/போல்கிட்-1/ரூல்ஸ்.டி அடைவில் ஒரு விதி எழுதி, ஓஆர்ஜி.டெபியன்.பிசிஎஸ்சி-லைட் என்று தொடங்கும் ஆக்சஸ்_பிசிஎஸ்சி, ஆக்சஸ்_கார்டு இரண்டு செயல்களையும் அந்தக் குறிப்பிட்ட பயனருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். எல்லோருக்கும் திறந்துவிடாதீர்கள். பெயரில் டெபியன் என்று இருந்தாலும் ஃபெடோராவிலும் அதே பெயர்தான்.

இந்தியாவில் ஜிஎஸ்டி, வருமான வரிக்கு டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் அவர்களும் இதே பிசிஎஸ்சிடியில்தான் வந்து நிற்கிறார்கள். ஈபாஸ்2003 டோக்கனை லிப்சிசிஐடி நன்றாகவே அடையாளம் காணும். அதற்குமேல், உலாவி போன்ற நிரல்கள் டோக்கனில் உள்ள சாவியோடு பேசும் பிகேசிஎஸ்11 அடுக்கில்தான் மோதல். நிறுவன மென்பொருளால் தயாரித்த டோக்கனை ஓபன்எஸ்சியால் படிக்க முடியாது, இரண்டும் கார்டுக்குள் வெவ்வேறு விதமாகக் கோப்புகளை அடுக்குகின்றன. ஓபன்எஸ்சி டோக்கனைக் காலி என்று காட்டுகிறதே என்று அதன் கருவியால் புதிதாகத் தயார்செய்தால் உள்ளே இருக்கும் சாவி அழிந்துபோகும். சான்றிதழைப் பணம் கொடுத்து மறுபடி வாங்க வேண்டியதுதான். நிறுவனம் தரும் .எஸ்ஓ கோப்பை ஃபயர்பாக்ஸின் பாதுகாப்புக் கருவிகள் பகுதியில் சேர்த்து, அதையே பயன்படுத்துங்கள்.

சரி, அந்த பீப் சத்தம். கார்டை ரீடர்மேல் வைத்துக்கொண்டு, கட்டளை அனுப்பும் ஸ்கிரிப்டார் என்ற நிரல் மூலம் எஃப்எஃப் 00 52 00 00 என்ற ஐந்து பைட்டை அனுப்பினால் நின்றுவிடும். 90 00 என்று பதில் வந்தால் வேலை முடிந்தது. கடைசிக்கு முந்தைய பைட்டை எஃப்எஃப் ஆக்கினால் சத்தம் திரும்பும். கழற்றிச் செருகினால் இந்த அமைப்பு மறந்துபோகும், மறுபடி அனுப்ப வேண்டும். கார்டு இல்லாமலே அனுப்ப வேண்டுமென்றால், ரீடருக்கே நேராகப் போகும் எஸ்கேப் கட்டளையாக அனுப்பலாம். லிப்சிசிஐடி இயல்பில் அதை அனுமதிக்காது, இன்ஃபோ.பிலிஸ்ட் கோப்பில் ஐஎஃப்டிடிரைவர்ஆப்ஷன்ஸ் மதிப்பை 0எக்ஸ்0001 ஆக்கிவிட்டுப் பிசிஎஸ்சிடியை மறுதுவக்கம் செய்யுங்கள். இங்கேதான் இரண்டு டிரைவர் வைத்திருப்பவர்கள் தவறான கோப்பைத் திருத்திவிட்டு மணிக்கணக்கில் திண்டாடுவது.

வாங்கலாமா? லிப்என்எஃப்சியோடு சிப்பை நேரடியாகத் தொட்டுக் கற்க வேண்டும் என்றால் தாராளமாக. பிளாக்லிஸ்ட் வரி ஒன்று எழுதிவிட்டால் ரீடர் அடங்கி ஒடுங்கி வேலை செய்யும். வெறுமனே கார்டின் அடையாள எண்ணை எஃப்எஃப் சிஏ 00 00 00 என்று கேட்டு வாங்கி வருகைப் பதிவு எடுப்பது, டேக் எழுதுவது போன்ற வேலைகளுக்கு, அதுவும் பத்து இருபது கணினிகளில் வைக்கப் போகிறீர்கள் என்றால், அதே நிறுவனத்தின் ஏசிஆர்1252யு வாங்குங்கள். அதைக் கர்னலின் பிஎன்533 மாட்யூல் தொடாது, பிசிஎஸ்சிடியோடு நேராகச் சேரும். லிப்என்எஃப்சியின் நேரடி யுஎஸ்பி டிரைவர் அதில் ஓடாது என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு வாங்குங்கள்.